வயிற்றுக்குப் போகவேண்டிய பால்

குழந்தையின் கண்ணில் பீளை கட்டினால் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் பீச்சிவிடு, காது வலித்தால் காதில் விடு, மூக்கடைத்தால் மூக்கில் விடு, தொடையிடுக்கு சிவந்தால் தடவிவிடு. பெங்களூரின் பிரேசர் டவுனிலும் அதையொட்டிய காக்ஸ் டவுன், கிளீவ்லாண்ட் டவுன் தெருக்களிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிற பெரியவர்கள் இன்றும் தயங்காமல் சொல்கிற யோசனை இது. தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறுகிற அந்தப் பேட்டையில், இந்த ஒரு கைவைத்தியத்துக்கு மட்டும் பெரிய எதிர்ப்பு எழுவதில்லை. முன்பெல்லாம் இதற்குப் பாட்டியின் வாக்கு ஒன்றே சான்று. இப்போது படித்த இளம் பெற்றோரிடமும் இது புதிய பலத்தோடு திரும்பி வந்திருக்கிறது. தாய்ப்பாலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, அது இயற்கையான ஆன்டிபயாடிக், பாட்டி சொன்னதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார்கள். போதாததற்கு, செலவில்லை, பக்கவிளைவில்லை, பலித்தால் லாபம், பலிக்காவிட்டால் நஷ்டமில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்தக் கருத்தை மறுக்கவே எழுதுகிறேன். தாய்ப்பாலுக்கு நிகரான உணவு சிசுவுக்கு இல்லை என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அந்த உயர்வு உண்மையாக இருப்பதால்தான், அது எந்த வழியில் வேலை செய்கிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது. பால் குழந்தையின் வாய் வழியே போய்க் குடலில் செய்கிற வேலையைக் காட்டி, அதைக் கண்ணுக்கும் காதுக்கும் மருந்தாக்குவது சான்றில்லாத தாவல். அந்தத் தாவலால் சில குழந்தைகள் பார்வையையே இழக்க நேரலாம்.

தாய்ப்பாலின் காக்கும் தன்மை என்று நாம் சொல்வது முக்கியமாக மூன்று பொருள்களைப் பற்றியது: சுரப்பு வகை இம்யூனோகுளோபுலின் ஏ என்ற எதிரணு, லாக்டோஃபெரின், லைசோசைம். இவற்றோடு, குழந்தையால் செரிக்க முடியாத ஆனால் அதன் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகிற சர்க்கரைத் தொடர்களும் உண்டு. குழந்தை பாலை விழுங்கும்போது இவை தொண்டையிலும் குடலின் உட்சவ்விலும் படிந்து, கிருமி அந்தச் சவ்வில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றன. நாளுக்கு எட்டுப் பத்து முறை, மாதக்கணக்கில், விடாமல் நடக்கிற வேலை அது. வயிற்றுப்போக்கும் நெஞ்சுச் சளியும் காதுச் சீழும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாக வருவது இந்த இடைவிடாத வேலையால்தான். இனிக் கண்ணுக்கு வருவோம். இதே மூன்று பொருள்களும் கண்ணீரிலேயே இருக்கின்றன. லைசோசைமைக் கண்டுபிடித்து 1922இல் உலகுக்கு அறிவித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதை ஆராயக் கண்ணீரைத்தான் சேகரித்தார். லைசோசைம் அளவில் கண்ணீர் தாய்ப்பாலை மிஞ்சுகிறது. ஆகவே கண்ணுக்குள் பாலை விடுகிறவர், அங்கே இல்லாத ஒரு காவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. புதிதாகச் சேர்ப்பது நூறு மில்லிக்கு ஏழு கிராம் அளவில் இருக்கும் பால் சர்க்கரையும், மூன்று நான்கு கிராம் கொழுப்பும், முலைக்காம்பின் தோலில் வாழும் நுண்ணுயிர்களும்தான். தாய்ப்பால் கிருமியே இல்லாத திரவம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அதுவும் சரியில்லை. ஆரோக்கியமான தாயின் பாலிலும் ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் இயல்பாகவே இருக்கும். குழந்தையின் வயிற்றுக்கு அவை கேடு செய்வதில்லை, நன்மையும் செய்யக்கூடும். புண்பட்ட கருவிழிக்கு அதே உறுதியை யாரும் தரமுடியாது.

"ஆனால் சரியாகிவிடுகிறதே!" என்பதுதான் வரும் முதல் பதில், இருப்பதில் வலுவான பதிலும் அதுவே. ஆம், பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பிறந்த குழந்தைக்குக் கண்ணில் நீர் வழிந்து பீளை கட்டுவதற்கு மிகப் பொதுவான காரணம், கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாயின் கீழ்முனை இன்னும் திறக்காமல் இருப்பது. இந்த அடைப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துகொள்ளும். கண்ணின் உள்மூலையை விரலால் மெல்ல அழுத்திக் கீழ்நோக்கித் தடவிவிடுவது அதற்கு உதவும், 1923இலிருந்தே மருத்துவ உலகம் அறிந்த முறை அது. பால் விட்டாலும் திறக்கும், வெந்நீரை ஆறவைத்துத் துடைத்தாலும் திறக்கும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் திறக்கும். மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் கண்வலியும் அப்படித்தான். அது வைரஸ் நோய், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். காதுவலியில் பாதிக்கு மேற்பட்டது இரண்டு மூன்று நாளில் தணியும், சளி ஒரு வாரத்தில் போகும். இப்படித் தானே தீரும் நோய்களைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்கு எதைக் கொடுத்தாலும் அது கைகண்ட மருந்தாகிவிடும். நூறு வீட்டில் பலித்தது என்ற கணக்கு, பால் விடாத நூறு வீட்டில் என்ன ஆயிற்று என்பதோடு ஒப்பிடப்படாதவரை எதையும் நிரூபிப்பதில்லை. எந்த வீட்டிலும் இந்த ஒப்பீடு நடப்பதில்லை. பாட்டியின் மேல் தவறு சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்குள், ஒரு வாழ்நாளுக்குள் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது.

அந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. எனக்கு உவப்பில்லாதவற்றையும் சேர்த்தே சொல்லவேண்டும். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் பிறந்த குழந்தைகளின் கண்ணில் சீம்பாலைத் தொடர்ந்து விட்டுப் பார்த்த ஆய்வு 1982இல் வெளியானது. பீளை கட்டுவது குறைந்ததாகச் சொன்னது. ஜப்பானில் 2021இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் கண் பீளைக்குத் தாய்ப்பாலும் அசுலீன் என்ற சொட்டு மருந்தும் ஏறக்குறைய ஒரே பலன் தந்ததாகக் காட்டியது. இவ்விரண்டையும்தான் "விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்பவர்கள் எடுத்து நீட்டுகிறார்கள். முதலாவது, வருமுன் காப்பது பற்றியது, அதுவும் பிரசவமான முதல் நாள்களில் சுரக்கும், எதிரணு செறிந்த சீம்பாலைப் பற்றியது. மூன்றாம் மாதத்துப் பாலை, வந்துவிட்ட நோய்க்கு விடுவதை அது ஆராயவில்லை. இரண்டாவதில் ஒப்பிடப்பட்ட அசுலீன், கிருமியைக் கொல்லும் மருந்தே அல்ல, எரிச்சலைத் தணிக்கும் மென்மையான சொட்டு மருந்து. தானே தீரும் தொல்லைக்கு வலுவற்ற இரண்டு மருந்துகளை விட்டுப் பார்த்தால் இரண்டும் சமமாகத்தான் நிற்கும். ஒன்றுமே விடாத மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை. இனி, குழந்தைகளின் கண்ணோய்க்குக் காரணமான கிருமிகளைத் தட்டில் வளர்த்து, தாய்ப்பாலையும் ஆன்டிபயாடிக் சொட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2013இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் வந்தது. தாய்ப்பால் சில கிருமிகளின் வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. அந்தச் சிலவற்றுள் வெட்டை நோய்க் கிருமியும் ஒன்று. ஆனால் சொட்டு மருந்தின் அளவுக்கு அது எட்டவில்லை, குழந்தைகளின் கண்ணோய்க்குப் பொதுவான காரணமாகும் பெரும்பாலான கிருமிகளிடம் அதன் பலம் செல்லவும் இல்லை.

வெட்டைக் கிருமியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். கைவைத்தியத்தின் முழு ஆபத்தும் அதில்தான் அடங்கியிருக்கிறது. தாயின் பிறப்புப் பாதையில் அந்தக் கிருமி இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் இமை வீங்கிச் சீழ் கொட்டும். உரிய மருந்து கிடைக்காவிட்டால் அது கருவிழியைத் துளைத்துவிடும், அதற்கு வாரக்கணக்கு ஆகாது, ஓரிரு நாள் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளை நிரப்பிய நோய் இது. லைப்சிக் நகரின் கார்ல் கிரேடே 1880 வாக்கில், பிறந்தவுடன் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விடும் வழக்கத்தைத் தொடங்கியபின் அவரது பிரசவ மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்தாக இருந்த இந்நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. பச்சைக் குழந்தையின் கண்ணில் சீழ் வடியும்போது அது அடைபட்ட குழாயா, வெட்டைக் கிருமியா, பிறந்து ஒரு வாரம் கழித்து வரும் கிளமிடியா என்ற இன்னொரு கிருமியா என்று வீட்டில் இருப்பவரால் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. பால் விட்டுவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்பது பத்து வீட்டில் ஒன்பதில் எந்தத் தீங்கும் செய்யாது. மிச்சமிருக்கும் அந்த ஒரு வீட்டில் அந்த நாளைதான் குழந்தையின் கண்ணைப் பறிக்கும். பலிக்காவிட்டால் நஷ்டமில்லை என்ற கணக்கில் இந்த ஒரு வீடு சேர்க்கப்படவே இல்லை. பாலின் தீங்கு பாலுக்குள் மட்டும் இல்லை, அது தருகிற நிம்மதியிலும் இருக்கிறது. ஏதோ செய்துவிட்டோம் என்ற ஆறுதல், மருத்துவரிடம் போகும் காலை ஒரு நாள் கட்டிப்போடுகிறது.

பெரியவர்களின் கண்ணுக்கு நாம் செய்வதன் விளைவைப் பார்க்கத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்தவர்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பாதிப்பேர் வருவதற்கு முன்பே ஏதேனும் ஒரு நாட்டு மருந்தைக் கண்ணில் விட்டிருந்தார்கள். இலைச்சாறு, எண்ணெய் என்று நீளும் அந்த வரிசையில் தாய்ப்பாலும் இருந்தது. வயலில் கதிர் அறுக்கையில் நெல்லின் சுணை குத்தியது, தூசி விழுந்தது, கண் உறுத்தியது, பக்கத்து வீட்டில் பால் கொடுக்கிறவள் இருக்கிறாள் என்று போனது: நம் கிராமங்களில் எல்லாரும் அறிந்த தொடர் இது. அந்தப் பால்தான் புண்ணைக் கொண்டுவந்தது என்று அந்த ஆய்வை வைத்து நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே கீறல் பட்ட கண்தான் வைத்தியத்தைத் தேடிப்போகிறது. ஆனால் கீறல்பட்ட கருவிழி என்பது திறந்த புண். தமிழ்நாட்டின் வெப்பத்தில் அந்தப் புண்ணில் பூஞ்சை பற்றுவது சகஜம், பூஞ்சைக்கு எதிராகத் தாய்ப்பாலில் நம்பத்தகுந்த ஒன்றும் இல்லை. வேறு ஒரு பெண்ணின் மார்பிலிருந்து, கழுவாத கை வழியே, கிண்ணத்தில் வந்த சர்க்கரையும் கொழுப்பும் கலந்த திரவத்தை அந்தப் புண்ணில் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

காதையும் மூக்கையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைக்குக் காது வலிப்பது பெரும்பாலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டுவதால். வெளியிலிருந்து விடும் எதுவும், செவிப்பறை ஓட்டையாகாதவரை, அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. ஓட்டையாகியிருந்தால் அங்கே பால் போவது இன்னும் கேடு. வெதுவெதுப்பான, ஈரமான, இருண்ட குழலுக்குள் பாலை ஊற்றி அடைத்துவைத்தால் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். படுத்திருக்கும் குழந்தையின் மூக்கில் கொழுப்புள்ள எதையும் விட்டால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கக்கூடும். எண்ணெய் விட்டு நுரையீரல் அழற்சி வந்த குழந்தைகளைத் தென்னிந்திய மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். தோலுக்கு வந்தால் நான் விட்டுக்கொடுக்க வேண்டியது சில உண்டு. பால் கொடுக்கும் தாயின் முலைக்காம்பில் வெடிப்பு வந்தால் அவளுடைய பாலையே சிறிது தடவிக் காயவிடுவது, கடையில் வாங்கும் லனோலின் களிம்புக்குக் குறைந்ததில்லை என்று ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. அரைத்துணிச் சிவப்புக்கு, ஈரானில் 2013இல் வெளியான ஆய்வில், தாய்ப்பால் மென்மையான ஸ்டீராய்டு களிம்புக்குச் சமமாக நின்றது. துருக்கி ஆய்வு ஒன்றில் துத்தநாகக் களிம்பு பாலை முந்தியது. தன் பாலைத் தன் குழந்தையின் தோலில், புண்ணாகாத இடத்தில் தடவுகிற தாயோடு எனக்குச் சண்டை இல்லை. தடுப்பூசி போடும்போது குழந்தையை மார்பில் அணைத்துப் பால் கொடுப்பது வலியைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது, அதை எல்லாத் தாய்மாரும் செய்யவேண்டும் என்பேன். அங்கேயும் பால் போகிற வழி வாய்தான்.

அடுத்த மறுப்பு சாஸ்திரத்திலிருந்து வரும். அது லேசான மறுப்பு இல்லை. சரக சம்ஹிதை பல்வகைப் பால்களின் குணங்களைச் சொல்லும்போது பெண்ணின் பாலைக் கண்வலிக்கும், ரத்தம் வடியும் நோயில் மூக்கில் விடவும் பரிந்துரைக்கிறது. சித்த மருத்துவத்தில் கோரோசனை மாத்திரை முதலிய குழந்தை மருந்துகளைத் தாய்ப்பாலில் உரைத்துப் புகட்டுவார்கள். வீட்டில் கொடுக்கும் உரை மருந்திலும் வசம்பும் சாதிக்காயும் மாசிக்காயும் உரைகல்லில் பாலோடுதான் இழைக்கப்படுகின்றன. இதெல்லாம் உண்மை. ஆனால் உரை மருந்தில் பால் அனுபானம், மருந்தைக் குழந்தையின் தொண்டைக்குள் கொண்டுபோகும் ஊர்தி. அதை வைத்துப் பாலே மருந்து என்று நிறுவ முடியாது. சரகர் கண்வலிக்குச் சொன்னதை அவர் காலத்தில் வைத்துத்தான் மதிக்கவேண்டும். எகிப்தின் ஈபர்ஸ் ஏடு கிறிஸ்துவுக்கு 1550 ஆண்டுகளுக்கு முந்தியது. அதுவும் கண்ணுக்குத் தாய்ப்பாலைச் சொல்கிறது, ஆண்குழந்தை பெற்றவளின் பாலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. கிரேக்கரும் ரோமரும் சொன்னார்கள். இத்தனை நாகரிகங்களும் ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், கிணற்று நீரே நம்பத்தகாத உலகில் வெதுவெதுப்பாக, உறுத்தாமல், எந்த நேரமும் கிடைத்த திரவம் அது ஒன்றுதான் என்பது. அந்த உலகில் அது மோசமான தேர்வு அல்ல. கொதித்து ஆறிய நீரும் காசநோய் முதல் கண்சீழ் வரை கிருமியைக் கொல்லும் மருந்தும் கிடைத்தபிறகும் அந்தத் தேர்வையே பற்றிக்கொள்வது அந்த வைத்தியர்களுக்கு மரியாதை ஆகாது. கிடைத்தவற்றில் நல்லதை எடுத்தார்கள் அவர்கள். அவர்களுடைய வழி அதுதான்.

சாஸ்திரத்தின் பெயரால் எதையும் நியாயப்படுத்தலாம் என்பதன் முடிவு எங்கே போகும் என்பதைப் பெங்களூரே பார்த்திருக்கிறது. நியோலாக்டா லைஃப்சயின்சஸ் என்ற பெங்களூர் நிறுவனம் தாய்மாரிடமிருந்து பாலைப் பெற்று, பதப்படுத்தி, உறைய வைத்தும் பொடியாக்கியும் 2016 முதல் விற்றது. முதலில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம், பால் பொருள் என்ற வகையில். தாய்ப்பாலை விற்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை என்று 2021இல் அந்த உரிமம் ரத்தானது. அதே ஆண்டு நவம்பரில் அதே பொருள் ஆயுஷ் உரிமத்தோடு ஆயுர்வேத மருந்தாகத் திரும்பி வந்தது. பழைய நூல்களில் நாரீக்ஷீரம் என்ற பெயரில் தாய்ப்பால் இருக்கிறது என்பதே ஆதாரம். தாய்ப்பால் ஊக்குவிப்புக்காகப் பாடுபடும் இந்திய அமைப்பினர் புகார் செய்தபின் 2022 ஆகஸ்டில் அந்த உரிமமும் நீக்கப்பட்டது. இந்தக் கதையைக் கேட்டுக் கொதிக்கிற நம் வீட்டார், அந்த நிறுவனம் சொன்னதும் தாம் சொல்வதும் ஒரே வாதம் என்பதைக் கவனிக்கவேண்டும். நூலில் இருக்கிறது, முன்னோர் செய்தார்கள், ஆகவே மருந்து. அந்த நிறுவனம் பாலைச் சோதித்தது, கிருமி நீக்கியது, குறைமாதக் குழந்தைகளின் வாய்க்குத்தான் அனுப்பியது. வீட்டில் அதுகூட இல்லை. 2024 மே 24 அன்று தாய்ப்பால் விற்பனைக்கு எந்த உரிமமும் கிடையாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. அதே மாத இறுதியில் சென்னை மாதவரத்தில் ஒரு கடையில் பாட்டில் பாட்டிலாகத் தாய்ப்பால் பிடிபட்டது. மருந்து என்ற பெயர் ஒட்டிவிட்டால் விலையும் தானே ஒட்டிக்கொள்கிறது.

பிறருடைய பாலைப் பற்றிச் சிந்திக்க இன்னொரு காரணமும் உண்டு. எச்ஐவி, சைட்டோமெகலோ போன்ற வைரஸ்கள் பாலில் வருகின்றன. அதனால்தான் பால் வங்கியில் தானம் செய்யும் தாய்க்கு எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 பாகை செல்சியஸில் அரைமணி நேரம் சூடாக்கியபிறகே இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் இணையம் வழியே வாங்கிய தாய்ப்பாலைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில் கேடுதரும் அளவு கிருமிகள் இருந்தன. எதிர்வீட்டுக்காரி நல்லவள், சுத்தமானவள் என்பது உண்மையாக இருக்கலாம். அவளது ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. அவளிடம் கேட்பதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. பிரசவமாகி மூன்று வாரம் ஆன பெண், தையல் வலியோடும் தூக்கமின்மையோடும் இருக்கிறாள், தன் குழந்தைக்கே பால் போதுமா என்ற பயம் வேறு. அவளிடம் ஒரு கிண்ணத்தை நீட்டி, மாமாவுக்குக் கண் உறுத்துகிறதாம், கொஞ்சம் பீச்சிக் கொடும்மா என்று கேட்டால் அவளால் மாட்டேன் என்று சொல்லமுடியுமா? புகுந்த வீட்டில் மாமியார் வழியாக வரும் வேண்டுகோளுக்கு இல்லை என்று சொல்லும் உரிமை எத்தனை மருமகள்களுக்கு இருக்கிறது? தாய்மை பெரிது என்று போற்றிக்கொண்டே, அவள் உடம்பைத் தெருவுக்குப் பொதுவான மருந்துப் பெட்டியாக ஆக்குகிறோம்.

"நம் மரபை இப்படிக் குறைத்துப் பேசலாமா?" என்று கேட்பார்கள். பிரேசர் டவுன்காரர்களுக்கு இதற்கு அவர்கள் ஊரின் கதையே பதில். 1898இல் பெங்களூரில் பிளேக் பரவியபோது கண்டோன்மென்டின் நெருக்கமான பேட்டைகளில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காற்றோட்டமும் வடிகாலும் இல்லாத வீடுகளில் வாழ்ந்ததற்குக் கொடுத்த விலை அது என்று உணர்ந்தபின், கோடு போட்ட அகலமான தெருக்களோடும் வடிகாலோடும் புதிய பகுதியைத் திட்டமிட்டார்கள். 1906இல் அடிக்கல் நாட்டி, அன்றைய ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரை வைத்தார்கள். அங்கே குடியேறிய நம் முன்னோர் தங்கள் பழைய பேட்டையின் வழக்கங்களை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள், அதனால் மரபு குலைந்துவிட்டதாக யாரும் வருந்தவில்லை. மரபில் நமக்கு மெய்யாகவே கேடு செய்த வழக்கம் ஒன்று உண்டு, அதைப் பற்றி இந்த மரபுக் காவலர்கள் வாய் திறப்பதில்லை. முதல் மூன்று நாள் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வைக்கிற வழக்கம் அது. எதிரணு நிரம்பிய பாலை மண்ணில் கொட்டிவிட்டு, அது வற்றிய பிறகு வரும் பாலைக் கண்ணில் விட்டு எதிர்ப்புச் சக்தி என்கிறோம். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் நூற்றுக்கு 41.8 பேர்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பாலை மட்டுமே பெறுகிறவர்கள் 63.7 பேர். தாய்ப்பாலின் பெருமை பேசுவோர் முதலில் கோபப்பட வேண்டியது இந்த எண்களைப் பார்த்துத்தான்.

மிச்சமாகும் பாலுக்கு மெய்யான தேவை இருக்கும் இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் 2014இல் வந்தது. பெங்களூர் வாணி விலாஸ் மருத்துவமனையில் 2022இல் அமிர்ததாரை என்ற பெயரில் திறக்கப்பட்டது. குறைமாதத்தில் பிறந்து ஒரு கிலோவுக்கும் குறைவாக இருக்கும் குழந்தைக்கு முதல் நாள்களில் கொடுக்கப்படுவது எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குப் பத்து இருபது மில்லி மட்டுமே, அதையும் துளித்துளியாகக் குழாய் வழியே. மாவுப்பால் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய், தானமாக வந்த தாய்ப்பால் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. எந்தப் பாலை எதிர்வீட்டுக் கிண்ணத்தில் பீச்சிக் கொடுக்கச் சொல்கிறோமோ அதே பால் இங்கே ஓர் உயிரைக் காக்கிறது, வாய் வழியாக.

கடைசியாக ஒரு நியாயமான மறுப்பு. சின்னக் கண்பீளைக்கெல்லாம் மருத்துவரிடம் ஓடினால் நூற்றுக்கணக்கில் செலவு, ஓடியதும் அவர் எழுதித் தருவது தேவையற்ற ஆன்டிபயாடிக், அதைவிடப் பால் மேல் என்கிறார்கள். ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி எழுதுகிறார்கள் என்பது உண்மை. மெட்ராஸ் ஐ வரும் பருவத்தில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டும் பாலைப் போலவே வீண்தான், ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் பாலைவிட ஆபத்து. ஆனால் ஒரு தேவையற்ற சொட்டுக்கு மாற்று இன்னொரு தேவையற்ற சொட்டு ஆகாது. காசில்லாத வைத்தியம் வேண்டுமென்றால் அது இருக்கிறது: கொதித்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்கின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரு முறை துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிடுவது, துடைக்கும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் சீழ் வந்தால், வெண்விழி சிவந்தால், இமை வீங்கினால், வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டால், கருவிழியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அன்றைக்கே போகவேண்டும். பிரேசர் டவுனிலிருந்து நடந்தோ ஆட்டோவிலோ போகிற தூரத்தில் சிவாஜிநகரின் பௌரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. கண்ணுக்கென்றே 1896இல் தொடங்கிய மின்டோ அரசு மருத்துவமனை, வாணி விலாஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டிலும் ஏழை வீட்டுக் குழந்தையைக் காட்டப் பெரிய காசு தேவையில்லை. போகும் வழியில் குழந்தை அழுதால், தாய் அதற்கு மார்பில் பால் கொடுத்துக்கொண்டே போகட்டும்.